யார் யாரை நீக்கலாம்? முடியரசு, குடியரசு: ஆஸ்திரேலிய வாக்காளருக்கு ஓர் ஒப்பீடு

ஆஸ்திரேலியக் குடியுரிமை விழாவில் புதிதாகக் குடிமக்கள் ஆகிறவர்கள் எடுக்கும் உறுதிமொழியில் அரசரின் பெயர் கிடையாது. 1994 முதலே அப்படித்தான். நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்றால் போதும். நான் உறுதிமொழி எடுத்த மண்டபத்தில் ராணி சுவரில் இருந்தார், வாசகத்தில் இல்லை. அதே குடிமகன் பின்னாளில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் கதை வேறு. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி அரசருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று சொல்லாமல் அவர் இருக்கையில் அமர முடியாது. வாசலில் கேட்காததை நடுவீட்டில் வைத்துக் கேட்கிறார்கள்.

2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி மறைந்த பிறகு, சிட்னியில் தமிழர் வீட்டு விருந்துகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆஸ்திரேலியாவின் அரசராகப் பிரிட்டிஷ் மன்னரே இருப்பதா, நாடு குடியரசாவதா என்று 1999இல் கேட்டதுபோல் மறுபடி வாக்கெடுப்பு வந்தால் எதற்குப் போடுவது? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குடியரசுதான்" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "குடியரசைக் கண்டவர்கள்தான் நாங்கள்" என்பார். இருவரும் பேசுவது விட்டுவந்த நாட்டைப் பற்றி. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் விழிக்கும் மூன்றாமவருக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வாக்கெடுப்புக்குத் தேதி எதுவும் குறிக்கப்படவில்லை. 2022இல் குடியரசுக்கென்றே ஒரு துணை அமைச்சரை நியமித்த அரசு, 2024இல் அந்தப் பொறுப்பையே கைவிட்டது. முகூர்த்தம் பார்க்காத கல்யாணத்துக்கு இப்போதே புடவை எடுப்பானேன் என்று கேட்கலாம். 1999 வாக்கெடுப்பில் 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுங்கள்' என்று ஒரு பிரசாரம் நடந்தது. வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. நேரம் இருக்கும்போதே தெரிந்துவைப்பது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது?

அரச குடும்பத்தைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சார்லஸ் நல்லவரா, அவருடைய மகன்கள் பேசிக்கொள்கிறார்களா என்பதெல்லாம் வாரப் பத்திரிகைக்கு உரியவை. நான் பார்ப்பவை நான்கு.

முதலாவது, நெருக்கடி நாளில் என்ன ஆகும்? சாதாரண நாட்களில், இங்கே அரசரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் மசோதாக்களில் கையெழுத்திடுகிறார், விருது வழங்குகிறார், மரம் நடுகிறார். அந்த வேலைக்கு எந்த மாதிரியும் போதும். எப்போதோ ஒருமுறை வரும் மோசமான ஒரு பிற்பகலில்தான் மாதிரியின் தரம் தெரியும்.

இரண்டாவது, யார் யாரை நீக்கலாம்? நியமனத்தைப் பற்றிக் குடியரசுவாதிகள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நீக்கத்தைப் பற்றிக் கேட்டால் குரல் இறங்கிவிடும். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கனமான கேள்வி இதுதான்.

மூன்றாவது, அந்த நாற்காலிக்கு யார் வரலாம்?

நான்காவது, வாக்கெடுப்பில் தேறுமா? அரசியலமைப்பின் 128ஆம் பிரிவு நாடு முழுவதும் பெரும்பான்மை கேட்கிறது. அதோடு ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மை வேண்டும். 1901 முதல் மக்கள் முன் வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் தேறியவை 8. கடைசியாகத் தேறியது 1977இல். பார்படோஸ் 2021இல் நாடாளுமன்ற வாக்கெடுப்பிலேயே குடியரசாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அந்தக் குறுக்குவழி இல்லை.

பணத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு ஆஸ்திரேலிய வரிப்பணத்திலிருந்து சம்பளம் போவதில்லை. அவர்கள் இங்கே வரும்போது ஆகும் செலவுதான் நம்முடையது. கவர்னர் ஜெனரலுக்கும் ஆறு மாநில ஆளுநர்களுக்கும் மாளிகை, ஊழியர், ஊதியம் எல்லாம் இப்போதும் நாம்தான் கொடுக்கிறோம். 2024 ஜூலையில் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற சாம் மோஸ்டினின் ஆண்டு ஊதியம் 7 லட்சத்து 9 ஆயிரம் டாலர். நாளைக்குக் குடியரசுத் தலைவர் வந்தாலும் ஏறத்தாழ அதே செலவு இருக்கும். முடியரசை நீக்கினால் பணம் மிச்சம் என்பதும், குடியரசு வந்தால் நாடு ஓட்டாண்டியாகும் என்பதும் ஒரே அளவுக்குத்தான் உண்மை.

## முதல் வழி: இருப்பது இருக்கட்டும்

காகிதத்தில் பார்த்தால் ஆட்சி அதிகாரம் அரசருடையது. அதைச் செலுத்துபவர் கவர்னர் ஜெனரல். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஓராண்டுக்குள் ரத்து செய்யும் உரிமைகூட 59ஆம் பிரிவில் அரசருக்கு உண்டு. அது ஒருமுறைகூடப் பயன்படுத்தப்பட்டதில்லை. உறையில் கிடக்கும் வாள். துருப்பிடித்ததா இல்லையா என்று எவரும் உருவிப் பார்க்கவில்லை.

உருவப்பட்ட வாள் வேறொன்று. 1975இல் கோஃப் விட்லமின் தொழிற்கட்சி அரசுக்கு வேண்டிய நிதி மசோதாக்களைச் செனட் சபையில் எதிர்க்கட்சி நிறுத்திவைத்தது. பிரதிநிதிகள் சபையில் விட்லமுக்குப் பெரும்பான்மை இருந்தது, கஜானாவுக்குச் சாவி இல்லை. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமரை அழைத்து நீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசர் தற்காலிகப் பிரதமரானார். பிரதிநிதிகள் சபை அன்று பிற்பகலே ஃபிரேசர் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டது. அதை எடுத்துக்கொண்டு சபாநாயகர் போவதற்குள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது.

கெர் ஏன் முன்கூட்டி எச்சரிக்கவில்லை? எச்சரித்திருந்தால் விட்லம் உடனே லண்டனைத் தொடர்புகொண்டு தன்னை நீக்கச் சொல்லிவிடுவார் என்று அவர் அஞ்சினார். அவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தவரே விட்லம்தான். ஒருவரை ஒருவர் நீக்கக்கூடிய இரண்டு பேர் ஒரே ஊரில் இருந்தார்கள். யார் முந்துகிறார்களோ அவருக்கு வெற்றி. ஒரு நாட்டின் அரசியலமைப்பு ஓட்டப் பந்தயமாக மாறிய நாள் அது.

அரண்மனையோ ஒதுங்கி நின்றது. சபாநாயகர் கார்டன் ஷோல்ஸ் ராணிக்கு எழுதியதற்கு, அந்த அதிகாரம் கவர்னர் ஜெனரலுடையது, தான் தலையிடுவது பொருந்தாது என்று பதில் வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020இல் வெளியான, கெரும் அரண்மனையும் எழுதிக்கொண்ட கடிதங்கள், கெர் தன் முடிவை ராணியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று காட்டின. அவர் அறியாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்பது கெரின் வாதம். அரசரை நடுநிலை நாயகர் என்று போற்றுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அழைத்தும் வராத நடுவர் அவர்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் நடந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிரதமர் ஸ்காட் மோரிசன் ஐந்து துறைகளுக்குத் தன்னையே அமைச்சராக ரகசியமாக நியமித்துக்கொண்டார். கவர்னர் ஜெனரல் கையெழுத்திட்டார். நாட்டுக்கு 2022 ஆகஸ்டில்தான் தெரிந்தது. கையெழுத்திட மறுக்க அவருக்கு இடமில்லை என்று அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர் கருத்துத் தெரிவித்தார். ஆக, பிரதமரையே வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒரு பதவி, பிரதமரின் ஒரு ரகசிய உத்தரவை 'ஏன்?' என்று கேட்க வலுவற்றது. இந்த விசித்திரம்தான் முதல் வழியில் மறைந்திருக்கும் செலவு. விதிகள் எழுதப்படவில்லை, மரபு என்கிறார்கள். மரபை மீறினால் என்ன என்பதற்கும் மரபுதான் பதில்.

மூன்றாவது அளவுகோலில் இது மோசமாகத் தோற்கிறது. கூட்டரசுப் பதவி எதற்கும் மதத் தகுதி கேட்கக்கூடாது என்று 116ஆம் பிரிவு சொல்கிறது. உச்சியில் உட்காருபவரோ கத்தோலிக்கராக இருக்கக்கூடாது, இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒன்றியவராக இருக்க வேண்டும். கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏறலாம் என்ற சலுகை 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளைகள் கவர்னர் ஜெனரலாக வரத் தடையில்லை என்று முடியரசுவாதிகள் சொல்வார்கள். உண்மைதான். வாடகைக்கு இருக்கலாம், பட்டா கிடைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு அதன் பலத்தையும் சொல்ல வேண்டும். கவர்னர் ஜெனரலை நீக்கப் பிரதமர் லண்டன் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. மரபுப்படி அரசர் பிரதமரின் பேச்சைக் கேட்டாக வேண்டும்; எத்தனை மணி நேரத்தில் என்று எங்கும் எழுதவில்லை. அந்தத் தாமதம்தான் நடுவருக்குக் கிடைக்கும் ஒரே கவசம். 1999இல் குடியரசுவாதிகள் கழற்றி எறிந்தது அதைத்தான்.

## இரண்டாம் வழி: நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் தலைவர்

1998 பிப்ரவரியில் கான்பெராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் அரசியலமைப்பு மாநாட்டுக்காக 152 பேராளர்கள் கூடினார்கள். மாதிரி ஒன்றுக்கு 73 பேர் ஆதரவு, 57 பேர் எதிர்ப்பு, 22 பேர் வாக்களிக்கவில்லை. பாதிப் பேரைக்கூடத் திரட்ட முடியாத அந்த மாதிரிதான் மறு ஆண்டு நவம்பர் 6 அன்று மக்களிடம் போனது. அதன்படி பிரதமர் ஒருவரை முன்மொழிவார், எதிர்க்கட்சித் தலைவர் வழிமொழிவார், இரு அவைகளின் கூட்டு அமர்வில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். கட்சி உறுப்பினர் அந்தப் பதவிக்கு வர முடியாது.

நியமனத்தைப் பொறுத்தவரை இது அழகான ஏற்பாடு. இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து தலையாட்டக்கூடியவர் எவரோ அவர்தான் வருவார். ஓய்வுபெற்ற நீதிபதியோ, விஞ்ஞானியோ, எவர் கோபத்துக்கும் ஆளாகாத ஒருவரோ. சுவாரசியம் குறைவாக இருக்கலாம். நடுவரிடம் சுவாரசியம் தேடுவது தவறு.

குழி நீக்கத்தில் இருந்தது. நியமிக்க மூன்றில் இரண்டு பங்கு, நீக்கப் பிரதமரின் ஒரு கையெழுத்து. அந்த நொடியே அமலுக்கு வரும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாட்களுக்குள் பிரதிநிதிகள் சபையின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒப்புதல் கிடைக்காவிட்டாலும் நீக்கப்பட்டவர் திரும்பி வர மாட்டார். 1975 மறுபடி நடந்தால் ஓட்டப் பந்தயம் அப்படியே இருக்கும், பிரதமர் மட்டும் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓடுவார்.

45.13 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றிலும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அரசரை விரும்பியவர்கள் மட்டும் தோற்கடித்த வாக்கெடுப்பு இல்லை அது. டெட் மேக், ஃபில் கிளியரி போன்ற தீவிரக் குடியரசுவாதிகளே, இது அரசியல்வாதிகளின் குடியரசு, மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர்தான் வேண்டும் என்று சொல்லி எதிர்த்தார்கள். நோய்க்கு மருந்து எது என்று மருத்துவர்கள் சண்டை போட்டார்கள். நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வழியில் பலர் பார்க்காத இன்னொரு செலவு மாநிலங்கள். ஆறு மாநில ஆளுநர்களும் அந்தந்த மாநில முதல்வரின் ஆலோசனைப்படி நேராக அரசரால் நியமிக்கப்படுகிறார்கள். 1986ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியச் சட்டம் அதை உறுதிசெய்தது. கூட்டரசு குடியரசாகி, ஒரு மாநிலம் மட்டும் அரசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை கோட்பாட்டளவில் சாத்தியம். 1999 திட்டம் அந்த முடிவை மாநிலங்களிடமே விட்டது. குடியரசுக்குள் ஒரு குட்டி முடியரசு! இது மூன்றாம் வழிக்கும் பொருந்தும்.

## மூன்றாம் வழி: மக்களே நேரடியாக

கேட்டவுடன் பிடிக்கும் வழி இது. நம் தலைவரை நாமே தேர்ந்தெடுப்போம் என்பதை எதிர்த்து மேடையில் பேசுவது கடினம். எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது அயர்லாந்தை. அங்கே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவர் நாட்டைப் பிரதமரிடம் விட்டுவிட்டுத் தன் எல்லைக்குள் இருக்கிறார். 1990இல் மேரி ராபின்சன் வென்றது முதல் அந்தப் பதவிக்குத் தனிக் களை வந்தது.

அயர்லாந்தில் இல்லாத ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது: பல்லுள்ள செனட். அயர்லாந்தின் மேலவை நிதி மசோதாவை 21 நாட்கள் தாமதிக்கலாம், அவ்வளவுதான். ஆஸ்திரேலிய செனட் நிதியையே மறுக்கலாம். 1975இல் நிறுத்திவைத்துக் காட்டியது. அப்படி ஒரு நாளில், நாடு முழுவதும் பல லட்சம் வாக்குகள் வாங்கி வந்த ஒரு தலைவர் அந்த மாளிகையில் இருந்தால் என்ன ஆகும்? பிரதமர் ஒரு தொகுதியில் வென்றவர். தலைவர் நாடு முழுவதிலும் வென்றவர். 'மக்கள் என்னைத்தான் அனுப்பினார்கள்' என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கும். எழுதப்படாத அதிகாரங்களோடு அந்த உரிமையும் சேர்ந்தால் ஜான் கெர் சாதுவாகத் தெரிவார்.

ஆகவே நேரடித் தேர்தல் வேண்டுமென்றால் அதிகாரங்களை வரிவரியாக எழுதியாக வேண்டும். எப்போது பிரதமரை நீக்கலாம், செனட் பணத்தை நிறுத்தினால் என்ன செய்வது, எப்போது சபையைக் கலைக்கலாம் என்று எல்லாம். எழுதத் தொடங்கினால் செனட்டின் அதிகாரத்தைத் தொட வேண்டிவரும். தொட்டால் சிறிய மாநிலங்கள் கொந்தளிக்கும். நாலு மாநிலக் கணக்கு அங்கேயே உடையும். இதுதான் மூன்றாம் வழியின் உண்மையான விலை, தேர்தல் செலவு இல்லை.

ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் 2022 ஜனவரியில் நடுவழி ஒன்றைத் தேடியது. எட்டு மாநில, பிராந்திய நாடாளுமன்றங்கள் ஆளுக்கொருவரை முன்மொழியும், கூட்டரசு நாடாளுமன்றம் மூவர் வரை முன்மொழியும், அந்த அதிகபட்சம் பதினொரு பேரிலிருந்து மக்கள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பிரதமரை நியமிக்கும் அதிகாரம் பெரும்பான்மை யாருக்கோ அதைப் பொறுத்தது என்று வரையறுத்ததும் நல்ல அம்சம். ஆனால் வடிகட்டி அரசியல்வாதிகள் கையில் இருக்கிறது என்று நேரடித் தேர்தல்காரர்களும், தேர்தல் வந்துவிட்டதே என்று நாடாளுமன்றத் தேர்வுக்காரர்களும் முகம் சுளித்தார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தச் சமைத்த குழம்பில் உப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

| | இப்போதைய முடியரசு | நாடாளுமன்றத் தேர்வு (1999 மாதிரி) | மக்களின் நேரடித் தேர்வு |
|---|---|---|---|
| நியமிப்பது | பிரதமர் சொல்ல, அரசர் | கூட்டு அமர்வில் மூன்றில் இரண்டு பங்கு | வாக்காளர்கள் |
| நீக்குவது | பிரதமர் சொல்ல, அரசர். லண்டன் வழியாக | பிரதமர். அந்த நொடியே | மாதிரிக்கு மாதிரி மாறும் |
| உச்சிக்கு வரக்கூடியவர் | ஒரே குடும்பம், ஒரே திருச்சபை | இரு கட்சிகளும் ஏற்கும் எவரும் | தேர்தலில் வெல்லக்கூடிய எவரும் |
| மறைந்திருக்கும் செலவு | எழுதப்படாத மரபு | பிரதமரின் கை ஓங்குவது | இரண்டாவது அதிகார மையம் |

## கூடவே எடுத்துவந்த நினைவுகள்

விருந்து மேசையின் இரண்டு பேருக்குத் திரும்புகிறேன். அவர்களின் அனுபவம் வீண் அனுபவம் அன்று.

1975 நவம்பரில் கான்பெராவில் பிரதமர் நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 25 இரவு டெல்லியில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலை அறிவிப்பில் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு விஷயம் மறுநாள் காலையில்தான் போனது. முடியரசின் பிரதிநிதி எவரிடமும் சொல்லாமல் செய்தார். குடியரசின் தலைவர் எதுவும் கேட்காமல் செய்தார். இந்தியாவைக் காட்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடியரசைப் பரிந்துரைக்கும் நண்பர்கள் அந்த இரவையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இலங்கைக் கதை இன்னும் கசப்பு. 1972 மே 22 அன்று பிரிட்டிஷ் முடியின் கீழிருந்த சிலோன் என்ற டொமினியன் இலங்கைக் குடியரசானது. மகாதேசாதிபதியாக, அதாவது கவர்னர் ஜெனரலாக, இருந்த வில்லியம் கோபல்லாவ அப்படியே ஜனாதிபதி ஆனார். பெயர்ப்பலகை மட்டும் மாறியதுபோல் தோன்றியது. ஆனால் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த, பழைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு புதிய ஏட்டில் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தனிச் சிங்களச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட அரசு ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கு 1969இல் எட்டிய பிரிவி கவுன்சிலின், அதாவது லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றத்தின், கதவு 1971இலேயே மூடப்பட்டிருந்தது. ஆறே ஆண்டில் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை. "குடியரசைக் கண்டவர்கள்" என்று அவர் சொல்வதில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனாலும் அதை அப்படியே ஆஸ்திரேலியாவுக்குப் பொருத்த எனக்கு மனமில்லை. அங்கே மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்தாமல் ஏடு முழுவதும் மாற்றப்பட்டது. இங்கே ஒரு வரியை மாற்றவும் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். 2023 அக்டோபரில் பூர்வகுடியினருக்கான ஆலோசனைக் குரல் என்ற திருத்தம் ஆறு மாநிலங்களிலும் தோற்றதைப் பார்த்தோம். இந்த நாட்டின் நோய் அவசரம் இல்லை, அசையாமை.

## யாருக்கு எது பொருந்தும்?

நடப்பது நடக்கட்டும், எழுதாத மரபே எழுதிய விதியைவிட வளைந்து கொடுக்கும் என்று நம்புகிறவருக்கு முதல் வழி. அடுத்து வரும் திட்டம் பிரதமரின் கையை நீளமாக்குகிறது என்றால், குடியரசை விரும்புகிறவருக்கும் அந்த ஒருமுறை முதல் வழியே சரி. இதை ஒப்புக்கொள்ளக் குடியரசு நண்பர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சடங்குத் தலைவர் போதும், அவர் அரசியலில் மூக்கை நுழைக்கக்கூடாது என்றால் இரண்டாவது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் தன் பங்கு இல்லாவிட்டால் அது குடியரசே இல்லை என்று கருதுகிறவருக்கு மூன்றாவது. கூடவே செனட்டின் அதிகாரத்தில் கை வைக்கவும் அவர் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும், எதையும் மாற்றவும் கூடாது என்பவருக்கு என்னிடம் வழி இல்லை.

என் வாக்கு இரண்டாம் வழிக்கு, ஒரு நிபந்தனையோடு: நியமிக்க எத்தனை பேர் வேண்டுமோ, நீக்கவும் அத்தனை பேர் வேண்டும். 1999 சீட்டையே மறுபடி நீட்டினால் வேண்டாம் என்றுதான் எழுதுவேன்.

அந்தச் சீட்டை ஒருமுறை தேடிப் படித்துப் பாருங்கள். ராணிக்கும் கவர்னர் ஜெனரலுக்கும் பதிலாக, நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் நியமிக்கும் ஒரு தலைவர் வருவது சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். நீக்கம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது திருத்த மசோதாவின் உள்ளே, புதிய 62ஆம் பிரிவாக இருந்தது. வாக்கெடுப்புக்கு முன் தேர்தல் ஆணையம் இரு தரப்பு வாதங்களையும் திருத்த வாசகத்தையும் புத்தகமாக அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பும். அடுத்த முறை வந்தால், வாதங்களைத் தள்ளிவிட்டு வாசகம் இருக்கும் பக்கங்களை முதலில் புரட்டுங்கள்.